மைதா திருடிய இறகு

ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவருக்குப் 'பூச்சிக்காரர்' என்று பட்டப்பெயர் வைக்கலாமா? வைத்தார்கள். வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மச்சினன்தான். அதே கடையில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். ஒருநாள் கடையில் கூட்டம் நிற்கிற நேரம், வாசலிலிருந்தே "பூச்சி உள்ள இருக்கா?" என்று கேட்டு வைத்தான். பன் வாங்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் பையைப் பிரித்து ஒவ்வொரு பன்னாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, அத்தனையையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கடைக்குள் அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று முதலாளியின் உத்தரவு. கடைப் படியைத் தாண்டிவிட்டால் ஊர் முழுக்க அவர் பூச்சிக்காரர்தான்.

அவர் கட்டுவது தூண்டில் பூச்சி. மேசை விளிம்பில் ஒரு சின்ன இடுக்கியைத் திருகி மாட்டியிருப்பார். அதன் வாயில் தூண்டில் முள்ளைக் கவ்வ வைத்து, நூலைச் சுற்றி, கோழி இறகு, வாத்து இறகு, முயல் ரோமம் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கட்டிக்கொண்டு வந்தால், கடைசியில் தண்ணீரில் விழுந்து தத்தளிக்கிற ஏதோ ஒரு பூச்சியைப்போல் அது வந்து நிற்கும். மீன் அதை நம்பி வாயைத் திறக்க வேண்டும். மீனை ஏமாற்றுவது லேசு என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் ஆற்றங்கரையில் நின்று பார்க்கட்டும், புத்தி வரும்.

விடிவதற்கு முன்பே அடுப்பு முன்னால் போய் நின்று, மதியம் வீடு திரும்புகிறவர் அவர். மாவு பிசைந்து பிசைந்து தடித்த விரல்கள். அந்த விரல்களால் தலைமுடி கனத்துக்கு நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவதை மனைவியே முதலில் நம்பவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. வந்தவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருந்தக் கண்ணாடியை வளைத்து மாட்டி, "இப்ப தெரியுதுங்களா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. நுணுக்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். "நீங்க இவ்வளவு பொறுமைசாலின்னு தெரிஞ்சிருந்தா காய்கறி நறுக்கவும் விட்டிருப்பேனே" என்றாள்.

இந்த நிம்மதியைக் கெடுக்க வந்தவள் மைதா.

கடையின் மாவு அறையில், மூட்டைகளுக்கு நடுவே தலைமுதல் வால்வரை வெள்ளையாகக் கிடந்த பூனைக்குட்டி அது. கழுவிப் பார்த்தால் சாம்பல் நிறம். பெயர் மட்டும் மைதா என்றே நிலைத்துவிட்டது. மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் பேச்சை அந்த வீட்டில் யார் கேட்டார்கள், அன்றைக்கு மட்டும் கேட்க?

மைதாவுக்கும் அவருக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவுதான். அதில் யார் பூனை என்பது நாளுக்கு நாள் மாறும். முயல் தோல் துண்டைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குடித்தனம் நடத்தியது. நூல் உருண்டையை உருட்டிக்கொண்டு போய் நான்கு நாற்காலிக் கால்களையும் சேர்த்துக் கட்டி வைத்தது. அவர் இறகுப் பெட்டியை அலமாரியின் உச்சியில் வைத்தார்; அது அங்கேயே ஏறிப் பெட்டிக்குள் படுத்துத் தூங்கியது. பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். மூடியைத் தள்ளக் கற்றுக்கொண்டது. கடைசியில் ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டுக்குள் வைத்தார். கத்தரிக்காய் எடுக்கப் போன மனைவியின் கையில் வாத்து இறகு வந்தது. அன்றைக்கு வீட்டில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

"அந்தக் கழுதையை ஒருநாள் கொண்டுபோய் மறுபடியும் மாவு மூட்டைக்குள்ளயே போடப்போறேன்" என்பார்.

"அதோட முடியை நீங்க எடுத்தா தொழில், உங்க இறகை அது எடுத்தா திருட்டா?" என்பாள் மனைவி.

அவள் சொன்னது நிஜம். மைதாவைச் சீப்பால் வாரும்போது உதிர்கிற அடிமுடி பஞ்சுபோல் மெல்லியது. அதை நூலில் திரித்துச் சுற்றினால் பூச்சியின் வயிறு அப்படியே உயிருள்ளதுபோல் வரும், தண்ணீரில் மெல்ல அசையும். அவர் பிடித்த நல்ல மீன்கள் எல்லாமே மைதாவின் முடிக்கு மயங்கியவைதான். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மச்சினன்தான் அக்காவிடம் போட்டுக்கொடுத்தான்.

சர்க்கரையிலேயே புழங்கியவருக்குச் சர்க்கரை வியாதி வந்ததில் என்ன அதிசயம். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், வீட்டுக்குள்ளேயும் செருப்பு போட்டு நடக்கச் சொன்னார். இவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பாதம் கொஞ்சம் மரத்ததுபோல் இருந்தது உண்மைதான். காலையெல்லாம் அடுப்படியில் நிற்கிறவனுக்கு அது இருக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் மதியம்; மறுநாள் அவருக்கு விடுமுறை. பாலத்துக்கு அடியில் ஒரு பெரிய மீன் அவருக்கும் மச்சினனுக்கும் வெகுநாளாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. அதற்கென்றே பெரிய முள் ஒன்றை எடுத்து, மைதாவின் முடியால் வயிறும், ஆரஞ்சுச் சாயம் ஏற்றிய கோழி இறகால் நீண்ட வாலுமாக ஒரு பூச்சியைக் கட்டி முடித்தார். பிசின் காய்வதற்காக அதைத் தெர்மோகோல் அட்டையில், மற்றப் பூச்சிகளின் வரிசையில் குத்தி வைத்தார். அழைப்பு மணி அடித்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அட்டை கவிழ்ந்து கிடந்தது. அறை முழுக்க இறகு. பூச்சிகள் தரையில் ஆளுக்கொரு திசையில். நாற்காலிக்கு அடியில் மைதா உட்கார்ந்திருந்தது. வாயோரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிசிறு.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட ஆத்திரத்தில் முதலில் கத்தத்தான் செய்தார். பிறகு பூச்சிகளைப் பொறுக்கி அட்டையில் குத்தினார். வரிசையில் ஓர் இடம் காலியாகவே நின்றது. பெரிய முள்.

மைதாவின் வாயோரத்துப் பிசிறு எந்தப் பூச்சியின் இறகு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெறுங்காலோடு அறை அறையாக அலைந்தார். மேசைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், விரிப்பைத் தூக்கி உதறி, மெத்தை இடுக்கில் கையை விட்டு. ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைத் துடைப்பக்கட்டையில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார். ஒரு ஊசி வந்தது, மனைவி தேடிக்கொண்டிருந்த கம்மல் திருகு வந்தது, முள் வரவில்லை. மைதாவோ அவர் போன இடமெல்லாம் பின்னாலேயே வந்தது. காலை முகர்ந்தது, பிராண்டியது, ஒரு மாதிரி குரலில் கத்தியது. அவர் தூக்கி வாயைத் திறந்து பார்க்க முயன்றார். நழுவிக் குதித்து மறுபடி காலடிக்கே வந்தது. தட்டில் மீன் வைத்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மீனையே வேண்டாம் என்கிற பூனையா? முள் தொண்டையில் இறங்கிவிட்டது, வலியில் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறது என்று அவர் முடிவு கட்டினார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மனைவிக்குப் போன் செய்தார்.

"மைதா முள்ளை முழுங்கிடுச்சு."

"எந்த முள்?" என்றாள் அவள்.

"பெருசு."

"தம்பியை வண்டியோட வரச் சொல்றேன். அதுக்கு எதுவும் குடுக்காதீங்க. நீங்களா எதையும் பிடிச்சு இழுக்காதீங்க. வாசல்ல நில்லுங்க."

வாசலில் கிடந்த கடைச் செருப்பை மாட்டிக்கொண்டார். முன்பக்கம் மூடிய, பின்பக்கம் திறந்த ரப்பர் செருப்பு. மைதாவை மூடி போட்ட கூடையில் வைத்துக்கொண்டு நின்றார். ரொட்டி வண்டி வந்தது. மனைவி ஏற்கெனவே பின்பக்கம் காலித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவரும் ஏறிக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாது அக்கா" என்றான் மச்சினன், முன்னாலிருந்து.

"நீ ரோட்டைப் பாரு" என்றாள் அவள். கொஞ்ச தூரம் போனபிறகு, சத்தத்தைக் கூட்டாமல், "இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்த மேசையில நீங்க உட்கார்றதை நான் பார்க்கக் கூடாது" என்றாள்.

அவர் தலையாட்டினார். இந்தத் தடவை நிஜமாகவே ஆட்டினார். அவள் சொல்லாவிட்டாலும் அவரால் அங்கே உட்கார முடியாது. தினமும் மதியம் ஆளில்லாத வீட்டைத் திறக்கும்போது கதவுக்குப் பின்னால் வந்து நிற்பது அந்தக் கழுதை ஒன்றுதான். நாள் முழுக்க நின்று களைத்து வருகிறவரை யாராவது எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம். அவர் அதை இத்தனை நாள் யோசித்ததே இல்லை. ரொட்டி வாசனைக்கு நடுவே உட்கார்ந்து, காப்பாத்திக் குடு, காப்பாத்திக் குடு என்று யாரிடம் என்று தெரியாமலே வேண்டிக்கொண்டு வந்தார்.

கால்நடை மருத்துவர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். மைதாவின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனார். கணவனும் மனைவியும் சுவரோரம் நின்றார்கள். உட்கார நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

மருத்துவர் படத்தை விளக்குக்கு முன் மாட்டிக் காட்டினார். "இது கழுத்து மணி. இது காலையில சாப்பிட்ட சாப்பாடு. வேற ஒண்ணுமில்ல. முள்ளே இல்லீங்க."

மனைவி சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. "நல்லாப் பார்த்தீங்களா டாக்டர்? இத்தனூண்டு இருக்கும்" என்று விரலால் அளவு காட்டினார்.

"இரும்பு எக்ஸ்ரேல ஒளிஞ்சுக்காதுங்க" என்று மருத்துவர் சொல்லி, மைதாவை மேசையிலிருந்து இறக்கிவிட்டார். இறங்கிய வேகத்தில் அது நேராகப் பூச்சிக்காரரின் காலடிக்கு ஓடியது. செருப்பின் பின்பக்கத்தைப் பிராண்டியது. மருத்துவர் குனிந்து பார்த்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"உங்க செருப்புக்குள்ள என்னமோ இறகு இருக்கு. ஆரஞ்சு கலர்."

அவர் செருப்பைக் கழற்றினார். பெரிய முள் அவருடைய குதிகால் ஓரத்தில், வளைவு வரைக்கும் இறங்கியிருந்தது. வால் இறகு நசுங்கிக் கிடந்தது. செருப்பின் உட்பக்கம் ரத்தம் ஒட்டிப் பிசுபிசுத்தது. தேடி அலைந்தபோது எந்த அறையிலோ மிதித்திருக்கிறார். அதற்குப் பிறகு அத்தனை தடவை குனிந்து நிமிர்ந்து, மாடிப்படி இறங்கி, வண்டி ஏறி, இங்கே இவ்வளவு நேரம் நின்று, அவருக்குத் தெரியவே இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலிக்கலையா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"எப்பலேர்ந்து இப்படி?"

அவர் கையிலிருந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் விடவில்லை. "எப்பலேர்ந்துன்னு கேட்டேன்."

"கொஞ்ச நாளா. போன மழைக்கு முன்னாலேர்ந்து. சொன்னா வேலைக்குப் போக வேண்டாம்னுவே."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா? ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் பார்த்து அனுப்பறேன். வீட்டுல ஒரு காலை நான் பார்க்கல." இதைத் திட்டுவதற்காகச் சொல்லத் தொடங்கினாள். முடிக்கும்போது அது அழுகையாக இருந்தது.

மருத்துவர் குறுக்கே வந்தார். "நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பண்ணக் கூடாதுங்க. முள்ளை எடுக்க மாட்டேன், அசையாம ஒரு கட்டு மட்டும் போட்டுவிடறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க. நாளைக்குப் போறேன்னு சொல்ற முகமா இருக்கீங்க, அதான் சொல்றேன். இப்பவே."

பெரிய ஆஸ்பத்திரியில் முள்ளை எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்த டாக்டர் சின்ன வயது; முள்ளைத் தட்டில் போட்டுவிட்டு, "அழகாக் கட்டியிருக்கீங்க" என்றுகூடச் சொன்னார். பிறகு பாதம் முழுவதையும் கழுவச் சொன்னார். நர்ஸ் விரல்களைப் பிரித்துப் பிரித்துக் கழுவினாள். இடுக்கில் ஒட்டிக் காய்ந்திருந்த மாவு கரைந்து போனது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வந்ததும் அவள் கை நின்றது. டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ஒரு குச்சியால் தொட்டார், ஓரத்தை அமுக்கினார், முகர்ந்தும் பார்த்தார்.

"முள் ஒண்ணுமே இல்லீங்க. அது சின்ன விஷயம். இதுதான் விஷயம்" என்றார். "இது பழைய புண். அடியில கறுக்க ஆரம்பிச்சிருக்கு. எலும்பு வரைக்கும் இன்னும் போகலை. இப்படியே அடுப்பு முன்னால நின்னுக்கிட்டே இருந்திருந்தீங்கன்னா, அடுத்த தடவை நீங்க வரும்போது புண்ணைப் பத்திப் பேசியிருக்க மாட்டோம். எங்க வெட்டறதுன்னு பேசியிருப்போம்."

மனைவி அவருடைய தோளைப் பிடித்தாள். பிடி வலித்தது. அங்கே வலி தெரிந்ததில்கூட அவருக்கு ஒரு சந்தோஷம்.

"கால் தப்பிச்சுடும்ல டாக்டர்?" என்றாள்.

"தப்பிச்சிருச்சும்மா. மருந்து, ஓய்வு, தினம் கட்டு. இவர் ஒழுங்கா இருந்தா முழுசா ஆறிடும். அந்த முள் இன்னிக்கு உங்களை இங்க கூட்டிட்டு வந்ததுக்கு அதைச் சட்டம் போட்டு மாட்டி வைங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இவருக்குக் காலுக்கு வந்தது குதிகால் ஓரத்தோடு போயிற்று. கட்டுப் போட்டு, ஊசி போட்டு, மருந்துப் பையோடு ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வெளியே வந்தபோது, மச்சினன் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். கூடை மூடி திறந்து கிடந்தது. மைதா காலி ரொட்டித் தட்டில் நீட்டிப் படுத்திருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் மச்சினன் தட்டுகளை நகர்த்தி இடம் செய்தான். பிறகு மாமாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றினான். அவர் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். தட்டிலிருந்த மைதாவை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அதன் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"உனக்கு ரொம்ப நன்றிம்மா" என்றார் பூனையிடம்.

நம் வீடுகளில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அந்நியமாகப் பட்டுவிடும் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். அவரும் முப்பது வருஷக் குடித்தனத்தில் ஒருதடவைகூடச் சொன்னவரில்லை. வண்டியைக் கிளப்பப் போன மச்சினன் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. அது ஒண்ணும் உங்களைக் காப்பாத்தணும்னு பின்னாடி வரல. குதிகால்ல தொங்கின இறகைப் பிடிக்க வந்துச்சு. அவ்வளவுதான்."

"தெரியும்டா."

"அப்புறம் என்ன நன்றி?"

"அது எதுக்காகப் பண்ணுச்சோ, அது அதோட சமாச்சாரம். கால் என்னுது இல்ல?"

மச்சினன் வண்டியைக் கிளப்பினான். அவர் மனைவியைப் பார்த்தார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது, இருந்தாலும் சொல்லிவிட்டார். "உனக்கும்தான். உனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்."

"நீங்க முதல்ல பேச்சை நிறுத்திட்டு அந்தக் காலைத் தூக்கி மேல வைங்க. தொங்கவிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது காதுல விழல?"

"எங்க வைக்கிறது?"

அவள் மைதாவை ஒரு பக்கமாக நகர்த்தி, தன் மடியைத் தட்டிக் காட்டினாள். அவர் தயங்கினார். அவளே குனிந்து, கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் ஆடாமல் வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தாள்.